ஒரு விரல் உயரத்துக்கு என்ன விலை? பிக்கப்புக்குப் பெரிய பட்டன் டயர் போடும் முன்...

‘எங்கள் தோட்டம் தார் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மழை பெய்தால் பிக்கப் சேற்றில் புதைகிறது. மேட்டில் ஏறும்போது அடிப்பாகம் கல்லில் தட்டுகிறது. கம்பெனி ரிம்மை மாற்றாமலேயே பெரிய ஆஃப் ரோடு டயர் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். போடலாமா?’

ஐப்பசி நெருங்கினாலே இப்படி ஒரு கடிதம் வந்துவிடும். இந்த முறை தேனி மாவட்டத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிக்கிற விஷயமில்லை இது. அதனால்தான் தனிக் கட்டுரை. இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் தப்பைக் கைக்காசு போட்டுச் செய்தவன் நான்.

கீழ்ப்பழநி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபியும் மலைவாழையும் இருக்கின்றன. ஊடே சௌசௌ பந்தல். விளைவதை வத்தலக்குண்டுக்கு இறக்கினால்தான் காசு. ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும் பாதை செம்மண்ணும் கல்லும் கலந்தது. வெயில் காலத்தில் பிரச்னை இல்லை. மழைக்காலத்தில் மட்டும் தலைச்சுமையாகத்தான் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சுமைக்கூலி போக மிச்சம் என்ன என்று வாழை வைத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. அதில் இருந்த டயர் 215/75 ஆர் 15. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் டயர் கடைக்காரத் தம்பி, ‘31 இன்ச் டயர் போடுங்கண்ணே, யானை மாதிரி ஏறும்’ என்றார். ரிம் மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். ‘அதே ரிம்லயே ஏறிடும்ணே’ என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. டயர் ஏறத்தான் செய்தது.

முதல் ஒரு மாதம் ராஜா மாதிரி இருந்தது. வழக்கமாக அடிப்பாகத்தைத் தட்டும் பாறை தட்டவில்லை. ஊர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் ‘சர்ர்’ என்று டயர் உரசும். மட்கார்டின் உள்விளிம்பை கிரைண்டர் வைத்து அறுத்தோம். உரசல் போனது. ஆனால் அறுத்த இடத்தில் துருப் பிடித்தது. லோடோடு மேடு ஏறும்போது இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்த இடத்தில் முதல் கியர் போட வேண்டியிருந்தது. இறங்கும்போது பிரேக்கை முன்பைவிட அழுத்தி மிதித்தேன். இதையெல்லாம் ‘பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம். சேற்றில் பிடிப்பு வேண்டும் என்று நாலு டயரிலும் காற்றைக் குறைத்து உள்ளே போய், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். திரும்பக் காற்றடிக்க வேண்டும். கால் பம்ப் வீட்டில் கிடந்தது. ‘கீழே போய் அடிச்சுக்கலாம் மாமா’ என்றான் அக்கா மகன். சரி என்று இறங்கினேன். மூன்றாவது வளைவில் திரும்பும்போது, வளைவின் வெளிப்பக்கம் இருந்த முன் டயர் ரிம்மை விட்டு நழுவியது. ஒரே நொடியில் காற்று மொத்தமும் போனது. ரிம் தாரில் உரசிக்கொண்டே போய்த் தடுப்புச் சுவரில் முட்டி வண்டி நின்றது. தார்கள் சரிந்து பாதி ரோட்டில் கிடந்தன. எங்கள் இருவருக்கும் காயமில்லை. சுவர் இல்லாத வளைவுகளும் அந்தப் பாதையில் இருக்கின்றன என்பதை அன்று ராத்திரி படுத்த பிறகுதான் யோசித்தேன். தூக்கம் வரவில்லை.

மறுநாள் ரிம்மைத் தட்டி நிமிர்த்த வந்த பழைய மெக்கானிக் டயரையும் ரிம்மையும் மாறி மாறிப் பார்த்தார். ‘ஏர்றது வேற, உக்கார்றது வேற தம்பி’ என்றார். நான் முதலிலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயம் அது.

டயரில் எழுதியிருக்கும் எண்களைப் படியுங்கள்

215/75 ஆர் 15 என்றால், 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவிகிதம். அதாவது 161 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அது 381 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் ரிம். கூட்டினால் டயரின் மொத்த உயரம் சுமார் 703 மி.மீ. இந்தக் கணக்கை எந்த டயருக்கும் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்த அளவு 235/75 ஆர் 15. அதன் உயரம் சுமார் 733 மி.மீ. 30 மி.மீ. கூடுதல். ஆனால் வண்டி 30 மி.மீ. உயராது. அச்சு இருப்பது டயரின் நடுவில். ஆகவே உயர்வில் பாதிதான் தரை இடைவெளிக்குக் கிடைக்கும். 15 மி.மீ.! உங்கள் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்துப் பாருங்கள், அந்த அளவுகூட வராது.

நான் போட்டது 31×10.5 ஆர் 15. இதில் 31 என்பது மொத்த உயரம், 10.5 என்பது அகலம், இரண்டும் அங்குலத்தில். உயரம் 787 மி.மீ. பழைய டயரைவிட 84 மி.மீ. அதிகம். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலுக்கும் பாறைக்கும் நடுவே எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது 42 மி.மீ. இரண்டு விரல் உயரம். அந்த இரண்டு விரல் உண்மையாகவே உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நான் கொடுத்த விலை டயர் விலை மட்டுமல்ல.

ரிம்மின் அகலம்தான் முதல் கேள்வி

எல்லோரும் 15-க்கு 15 சரியா என்று பார்க்கிறார்கள். அது விட்டம். விட்டம் பொருந்தினால் டயர் ஏறும். ரிம்மின் அகலம் பொருந்தினால்தான் டயர் சரியாக உட்காரும். ரிம்மைக் கழுவித் துடைத்துப் பாருங்கள், ‘6ஜே×15’ என்பது போல அச்சடித்திருக்கும். அந்த 6 தான் அகலம், அங்குலத்தில். சில வண்டிகளில் 5.5 இருக்கும்.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் எத்தனை அங்குல அகல ரிம் ஏற்றது என்று டயர் தயாரிப்பாளர்கள் வரையறை வைத்திருக்கிறார்கள். 215/75 ஆர் 15-க்கு 5.5 முதல் 7 அங்குலம் வரை. 235/75 ஆர் 15-க்கு 6 முதல் 8 வரை. 31×10.5 டயருக்கு 7 முதல் 9 வரை. என் ரிம் 6. நான் எல்லையைத் தாண்டியது ஓர் அங்குலம்.

ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். அகலமான டயரைக் குறுகலான ரிம்மில் மாட்டினால் அதன் இரண்டு பக்கச் சுவர்களும் உள்ளே இழுக்கப்பட்டு, நடுப்பகுதி பலாப்பழம் மாதிரி புடைக்கும். தரையில் படுவது நடுப்பட்டை மட்டும். நடுவில் பட்டன் சீக்கிரம் தேயும், ஓரத்தில் புதுசு போலவே இருக்கும். இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. ரிம் அகலம் அரை அங்குலம் குறைந்தால் டயர் அகலம் ஏறக்குறைய 5 மி.மீ. குறையும். 10.5 அங்குலம் என்பது 267 மி.மீ. அது 8.5 அங்குல ரிம்மில் மாட்டி அளந்த கணக்கு. என் 6 அங்குல ரிம்மில் அது 242 மி.மீ. அளவுக்குத்தான் நின்றிருக்கும். முழு அகலத்துக்குக் காசு கொடுத்தேன், முழு அகலம் கிடைக்கவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, டயர் ரிம்மைக் கவ்வும் விளிம்பில் இருக்கிறது. உள்ளே கம்பி வைத்த அந்த விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடித்திருப்பது காற்றின் அழுத்தம். ரிம் குறுகல், காற்றும் குறைவு என்றால் வளைவில் திரும்பும்போது மொத்த பாரமும் வெளிப்பக்க முன் டயரின் மேல் சாயும். பக்கச் சுவர் அடியில் மடங்கும். விளிம்பு நழுவும். என் வண்டியில் நடந்தது அதுதான். டியூப்லெஸ் டயர் என்பதால் நழுவியதும் காற்று நிற்க வழியில்லை.

பழைய ஜீப் ரிம் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. டியூப் போடும் காலத்து ரிம்களில், விளிம்பு நழுவாமல் தடுக்கும் மேடு உள்பக்கம் இருக்காது. அதில் டியூப்லெஸ் டயரை மாட்டாதீர்கள்.

லோடு தாங்குமா?

பெரிய டயர் என்றால் அதிக பாரம் தாங்கும் என்று நினைப்பது இயல்பு. எப்போதும் அப்படி இல்லை. அளவுக்குப் பக்கத்தில் ‘106/103’ என்றோ ‘104’ என்றோ ஓர் எண் இருக்கும். அது லோடு எண். கிலோ இல்லை, குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ, 106 என்றால் 950 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ. இரண்டு எண் இருந்தால் முதலாவது ஒற்றை டயருக்கு, இரண்டாவது பின்னால் இரட்டை டயர் போடும் வண்டிக்கு.

ஒரு பேச்சுக்கு, லோடோடு உங்கள் பின் அச்சில் 1,900 கிலோ விழுகிறது என்று வையுங்கள். ஒரு டயருக்கு 950. பழைய டயர் 106 என்றால் சரியாக இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, கார், ஜீப் வகைக்கான 104 டயரைப் போட்டால் பார்வைக்குப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு டயரும் தாங்க வேண்டியதைவிட 50 கிலோ குறைவாகத்தான் தாங்கும். சுமை வண்டிக்கு ‘எல்.டி.’ என்ற எழுத்து இருக்கும் டயர்தான் வேண்டும். ‘8 பி.ஆர்.’ போன்ற பிளை எண்ணும் பழைய டயருக்குக் குறையக் கூடாது. பட்டன் எவ்வளவு முரடாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் இந்த எண்ணைப் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் ஜீப்பிலிருந்து கழற்றிய ‘அழகான’ டயர்கள் மலிவாக வரும்போது ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கூடவே தயாரித்த தேதி. டயர் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். ‘2323’ என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

இழுவையும் பிரேக்கும்

மண்வெட்டிக் கணை நீளமானால் கைக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். சக்கரம் பெரிதானாலும் அதே கணக்குதான். இன்ஜினும் கியரும் பழையவை. 31 அங்குல டயர் என் பழைய டயரைவிட 12 சதவிகிதம் பெரியது. ஆகவே தரையைப் பிடித்துத் தள்ளும் பலம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோனது. மேட்டில் கிளட்சைப் பாதி மிதித்தபடி சமாளிக்க வேண்டியிருக்கும். கிளட்ச் தட்டு தேய்வது அப்படித்தான்.

ஏறும்போது குறைந்தால் கியரை மாற்றிக்கொள்ளலாம். இறங்கும்போது? பிரேக்கை அதே அளவு மிதித்தால், நிறுத்தும் பலமும் அதே விகிதத்தில் குறைவாகத்தான் கிடைக்கும். மலையில் லோடோடு இறங்குபவர்களுக்கு டயர் விஷயத்தில் யோசிக்க வேண்டியது முக்கியமாக இதுதான். பிடிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நிற்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 67-ல் போகும். கிலோமீட்டரும் குறைவாகத்தான் ஓடும். 100 கிலோமீட்டர் போனால் 89 தான் காட்டும். பெரிய டயர் போட்டு ‘மைலேஜ் பாதாளத்துக்குப் போச்சு’ என்று புலம்புபவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். மைலேஜ் குறைவது நிஜம், ஆனால் மீட்டர் காட்டுகிற அளவுக்கு இல்லை. 235/75 போட்டால் வித்தியாசம் 4 சதவிகிதத்துக்குச் சற்று மேல். அதை ஓட்டிப் பழகிக்கொள்ளலாம்.

உரசுகிறதா என்று பார்ப்பது எப்படி

கடையில் சமதரையில், காலி வண்டியில், ஸ்டியரிங் நேராக வைத்துப் பார்த்தால் எந்த டயரும் உரசாது. இப்படிச் செய்யுங்கள். ஒரே ஒரு டயரை மட்டும் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். வண்டியில் வழக்கமான லோடு இருக்கட்டும், இல்லையென்றால் நாலைந்து பேர் ஏறி நில்லுங்கள். அந்தச் சக்கரத்தை ஓர் அடி உயரக் கட்டையின் மேல் மெதுவாக ஏற்றுங்கள். ஸ்பிரிங் அமுங்கி, டயர் மட்கார்டுக்குள் போகும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடியுங்கள். மட்கார்டின் உள்பக்கம், சேஸ், பட்டை அல்லது சஸ்பென்ஷன் கை, பிரேக் ஹோஸ் ஆகிய இடங்களில் கொஞ்சம் ஈரக் களிமண்ணை அப்பிவைத்தால், டயர் எங்கே தொட்டது என்று மண்ணே காட்டிக்கொடுக்கும். பிரேக் ஹோஸ் பக்கம் தொட்டால் அந்த அளவு டயர் வேண்டாம். பேச்சே இல்லை.

உள்பக்கம் உரசினால், ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் வைத்துத் தள்ளிவிடலாம் என்பார்கள். சக்கரத்தை வெளியே தள்ளினால் வீல் பேரிங், போல்ட் இரண்டின் மேலும் கூடுதல் பாரம் விழும். சுமை ஏற்றும் வண்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். 31 அங்குல டயர் பலகைக்கு அடியில் இருக்கும் ஸ்டெப்னித் தாங்கியில் நுழையாமல் போகலாம். ‘பழைய சின்ன டயரே ஸ்டெப்னியாக இருக்கட்டும்’ என்றால், அதைப் பின்னால் மாட்டி ஓட்டும்போது ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சின்னது. டிஃபரன்ஷியல் பல் சக்கரங்கள் நிற்காமல் அரைபடும். நாலு சக்கர இழுவை இருக்கும் வண்டியில் முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு என்று கண்டிப்பாகப் போடக் கூடாது. ஐந்து டயரும் ஒரே அளவு. பட்ஜெட்டும் ஐந்துக்குத்தான் போட வேண்டும், நாலுக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. எஃப்.சி.க்குப் போகும் வண்டியில் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் டயர் முதலில் கண்ணில் படும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். உங்கள் வண்டியின் அதே மாடலில் வேறு ரகத்துக்கு, அதே ரிம்மில், கம்பெனியே ஓர் அளவு பெரிய டயர் கொடுத்தால் அது நல்ல வழி. கையேட்டில் அந்த அளவு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்குங்கள்.

அப்படியானால் சேற்றுக்கு என்ன செய்வது?

முதலில் உங்கள் பாதை எந்த மண் என்று பாருங்கள். கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு பட்டனுக்கு நடுவே மண் அப்பிக்கொண்டு, எந்த டயரும் நாலு சுற்றில் வழுக்கை டயராகிவிடும். அங்கே டயருக்குச் செலவழிப்பது வீண். பாதையைத்தான் சரி செய்ய வேண்டும். மணலில் அகலமான டயர் மிதந்து போகும், அங்கே அகலம் நல்லது. மேலே சேறு, அடியில் கெட்டித் தரை என்ற எங்கள் செம்மண் பாதை மாதிரி இடத்தில் ஒல்லியான டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய்க் கெட்டித் தரையைப் பிடிக்கும். பழைய ஜீப்புகளில் இருந்த 6.00-16 டயரின் அகலம் வெறும் ஆறு அங்குலம்தான். அதை வைத்துக்கொண்டுதான் காபி மூட்டைகளை இறக்கினார்கள்.

என் பிக்கப்பில் இப்போது ஓடுவது கம்பெனி அளவான அதே 215/75 ஆர் 15. ஆனால் ‘ஆல் டெரெய்ன்’ எனப்படும் பட்டன் ரகம், பழைய டயருக்குக் குறையாத லோடு எண்ணோடு. ரிம் அதே ரிம். முழு மட் டயர் போடவில்லை. வாரத்தில் ஒன்றரை கிலோமீட்டர் சேற்றுக்காக மிச்சமுள்ள தார் ரோடு முழுக்க இரைச்சலும் தேய்மானமும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஈரமான தாரில் மட் டயர் வழுக்கும் என்பதும் ஒரு காரணம்.

காலி வண்டி உள்ளே போகும்போது பின்பக்கம் லேசாக இருப்பதால் சக்கரம் வீணே சுற்றும். பின் அச்சுக்கு மேலே நாலு மணல் மூட்டை போட்டுக்கொள்கிறேன். தோட்டத்தில் இறக்கிவிட்டுத் தார் ஏற்றுவோம். ரொம்ப மோசமான நாளில், காலி வண்டிக்கு மட்டும் காற்றை 25 பி.எஸ்.ஐ. வரை குறைப்பேன். அதற்குக் கீழே இல்லை. லோடு ஏற்றும் முன், அதே இடத்தில், பழையபடி அடித்துவிடுவேன். பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர் ஒன்று சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அது இல்லாமல் காற்றைத் திறந்துவிடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். காலிக்கும் லோடுக்கும் தனித்தனி அளவு.

பெரிய வித்தியாசம் தந்தது டயர் இல்லை. ஒன்றரை கிலோமீட்டரில் உண்மையாகவே புதைகிற இடம் மொத்தம் மூன்று, சேர்த்தால் 40 மீட்டர் இருக்கும். மூன்றிலும் மேட்டிலிருந்து வரும் தண்ணீர் பாதையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கல் வடிகால் போட்டுத் தண்ணீரைத் திருப்பினோம். பிறகு பாதை முழுக்க இல்லாமல், இரண்டு சக்கரத் தடத்துக்கு மட்டும் முக்கால் அடி ஆழம் தோண்டிக் குண்டுக்கல் அடுக்கி, மேலே ஜல்லியும் சரளையும் போட்டு இடித்தோம். கல் எங்கள் தோட்டத்துக் கல்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இருவரும் கூலியில் பங்கு போட்டார்கள், அவர்களுக்கும் அதே பாதை. அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டிருந்த அந்தப் பாறையை ஓர் ஆள் சுத்தியலும் உளியும் வைத்து ஒரே காலையில் உடைத்துத் தள்ளினார். 31 அங்குல டயர் ஒன்றுக்குக் கொடுத்த காசைவிட அவர் கூலி ரொம்பக் குறைவு.

தேனி வாசகருக்கு: உங்கள் ரிம்மில் 6 என்றோ அதற்கு மேலோ இருந்து, கம்பெனி கையேட்டிலும் அந்த அளவு இருந்து, எல்.டி. ரகத்தில் உங்கள் லோடு எண்ணுக்குக் குறையாமல் கிடைத்தால் 235/75 ஆர் 15 போடலாம். களிமண் சோதனையில் தேறினால் மட்டும். 31 வேண்டாம். ரிம்மில் 5.5 என்று இருந்தால் பழைய அளவிலேயே பட்டன் டயர். அதற்கு முன் ஒரு மழை நாளில் குடையோடு உங்கள் பாதை முழுக்க நடந்து, எந்த இடத்தில் புதைகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.